மறு: நாய் சர்க்கரையில்லாச் சூயிங்கம் தின்றுவிட்டது, ஆனால் நன்றாக ஓடியாடுகிறது
காத்திருக்காதீர்கள் ஐயா. உங்கள் 8 கிலோ நாய் தின்ற நான்கு சூயிங்கத்தில் சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பூட்டி) இருந்தால், இப்போதே கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள், சூயிங்கம் வந்த அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது மிஞ்சினால் வயிற்றுப்போக்கு, அவ்வளவுதான். நாய்க்கோ இன்சுலின் பெருகி, அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை சரிந்துவிடலாம். நாயின் எடையில் கிலோவுக்கு 0.1 கிராம் சைலிட்டாலே அதற்குப் போதும். சூயிங்கத்திலிருந்து மெதுவாகக் கரைவதால் 12 மணி நேரம் கழித்தும் அறிகுறி தொடங்கலாம். ஆகவே ஓடியாடுவதை நம்ப வேண்டாம். கிலோவுக்கு 0.5 கிராமைத் தாண்டினால் கல்லீரலுக்கும் ஆபத்து.

வாந்தி எடுக்க வைக்க உப்புநீர் கொடுத்துவிடாதீர்கள், அதுவே நஞ்சாகும். தள்ளாடத் தொடங்கினால் ஈறில் சிறிது தேன் தடவியபடியே கிளம்புங்கள். மருத்துவர் என்ன சொன்னார் என்று அவசியம் எழுதுங்கள்.