ஓடும் பேருந்தில் டயப்பர் மாற்றுவது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் ஏழு மாதக் குழந்தையுடன் சத்தியமங்கலத்திலிருந்து கோவை காந்திபுரத்திற்குத் தனியார் பேருந்தில் சென்றுகொண்டிருந்தேன். புளியம்பட்டியைத் தாண்டியதும் குழந்தை மலம் கழித்துவிட்டாள். மூவர் இருக்கையில் படுக்கவைத்து டயப்பரை மாற்றினேன். பக்கத்தில் இருந்த அம்மையார், "இதெல்லாம் பஸ்ஸுல பண்ற வேலைங்களா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கழற்றியதைச் சன்னல் வழியாக வீசிவிடச் சொன்னார் நடத்துநர். எனக்கு மனம் வரவில்லை. இறங்கும்வரை பையிலேயே வைத்திருந்தேன். நான் மாற்றியது தவறா? ஊர் போய்ச் சேரும்வரை காத்திருந்திருக்க வேண்டுமா?
– வாசகி, சத்தியமங்கலம்

பதில்: மாற்றியது தவறில்லை. வீசாமல் வைத்திருந்தது மிகவும் சரி.

காத்திருக்கலாமா என்பது குழந்தை என்ன செய்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. வெறும் சிறுநீர் என்றால் இன்றைய டயப்பர்கள் சில மணி நேரம் தாங்கும். பல டயப்பர்களின் வெளிப்புறத்தில் மஞ்சள் கோடு ஒன்று இருக்கும். நனைந்தால் அது நீலமாக மாறும் என்பதால், கழற்றிப் பார்க்காமலேயே நிலைமையை அறிந்துகொள்ளலாம். அந்த நேரத்தில் ஓடும் வண்டியில் மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. மலம் கழித்திருந்தால் கதை வேறு. மலத்தில் இருக்கும் செரிமான நொதிகள் சிறுநீரோடு கலந்து தோலை அரிக்கத் தொடங்கும். தொடையிடுக்கில் சிவந்து, பிறகு புண்ணாகும். புளியம்பட்டியிலிருந்து அன்னூர், சரவணம்பட்டி வழியாகக் காந்திபுரம் சேர ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆகும். அவ்வளவு நேரம் கைக்குழந்தையை அப்படியே வைத்திருக்கச் சொல்வதற்கு எந்த நாகரிகத்திற்கும் உரிமை இல்லை.

ஆனால் அந்த அம்மையாரின் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பக்கத்து இருக்கைக்காரரின் கோபத்தில் பாதி, முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லாததால் வருவது என்பது என் எண்ணம். "பாப்பா ஆய் போயிட்டாளுங்கக்கா, ரெண்டே நிமிசத்துல மாத்திக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டுத் தொடங்கினால், அதே அம்மையார் கால்களை ஒதுக்கிக்கொண்டு சன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டிருக்கவும் கூடும். நம் பக்கத்து மக்களிடம் அந்த ஒரு 'ங்க' நிறைய வேலை செய்யும்.

மாற்றும் முறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இருக்கையின்மீது ரப்பர் சீட்டும் அதன்மேல் ஒரு துண்டும் விரிக்காமல் குழந்தையைக் கிடத்தக் கூடாது. அது குழந்தைக்காக மட்டும் அல்ல, உங்களுக்குப் பின் அதே இருக்கையில் அமரப்போகிறவருக்காகவும்தான். வண்டி ஏதாவது நிறுத்தத்தில் நிற்கும்போது தொடங்குங்கள். சன்னல் பக்கம் குழந்தையும் நடைபாதைப் பக்கம் நீங்களுமாக இருந்து, ஒரு கையைக் குழந்தையின் மீதே வைத்துக்கொள்ளுங்கள். நம் தனியார் பேருந்துகள் பிரேக் போடும் விதம் உங்களுக்கே தெரியும். பழையதைப் பிரிக்கும் முன்பே புதிய டயப்பரை அதன் அடியில் விரித்துவிட்டால், நடுவில் குழந்தை மறுபடி சிறுநீர் கழித்தாலும் இருக்கை நனையாது. பழைய டயப்பரின் சுத்தமான முன்பகுதியாலேயே முதலில் ஒருமுறை வழித்து எடுத்துவிட்டு, பிறகு ஈரத்துணியால் முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். பெண் குழந்தைக்கு இந்தத் திசை மாறினால் சிறுநீர்த் தொற்று வரக்கூடும். கடைகளில் விற்கும் வைப்ஸ்தான் வேண்டும் என்பதில்லை. நம் வீடுகளில் எப்போதும் கிடக்கும் பனியன் வேஸ்ட் துணியைச் சிறு துண்டுகளாக வெட்டி, நனைத்துப் பிழிந்து, மூடிபோட்ட டப்பாவில் எடுத்துச் சென்றால் அதைவிட மென்மையாகவே இருக்கும். மேலே ஒரு மெல்லிய துண்டைப் பிடித்துக்கொண்டால் குழந்தைக்கும் மறைவு, பார்ப்பவர்களுக்கும் சங்கடமில்லை.

இனி, கழற்றியதன் கதை. முன்பக்கத்திலிருந்து இறுக்கமாக உள்நோக்கிச் சுருட்டி, அதன் பக்கவாட்டு ஒட்டுப் பட்டைகளாலேயே கட்டி, காற்றுப் புகாத உறையில் இட்டு வாயை முடிச்சுப் போட வேண்டும். 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை இருப்பதால் வழியில் கடைக்காரரிடம் பை கேட்பது நடக்காது. பிரெட் வந்த உறை, குழந்தையின் சட்டை வந்த உறை போன்றவற்றை வீட்டிலேயே சேர்த்து வைத்திருங்கள். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே, பயன்படுத்திய டயப்பரை நன்றாகச் சுற்றித்தான் போட வேண்டும் என்று சொல்லப்பட்டிருந்தது. நடத்துநர் சொன்னபடி வீசியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதன் உள்ளே இருப்பது நீரை உறிஞ்சி ஊதிக் கூழாகும் வேதிப்பொருள், வெளியே பிளாஸ்டிக். மழையிலும் கரையாது, மண்ணிலும் மக்காது. சாலையோரம் மேயும் மாடு வாய் வைக்கும், இல்லையென்றால் நாய் இழுத்துக்கொண்டு யார் வீட்டு வாசலிலாவது போடும். பவானிப் பாலத்தின்மேல் வண்டி போகும்போது சன்னல் வழியாக எதை எதையோ வீசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கீழே ஓடுவது பல ஊர்களின் குடிநீர் என்பது அவர்களுக்குத் தெரியாததும் அல்ல.

கைகளைப் பற்றி ஒன்று: அழுக்கு ஒட்டியிருக்கும் கைக்குச் சானிடைசர் போதாது. தண்ணீர்ப் பாட்டிலும் காகிதச் சோப்பும் வைத்திருந்து, வண்டி நிற்கும்போது கீழே இறங்கிக் கழுவுவதே சரி. ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து கொடுத்த சில நாட்களுக்கு அந்தக் கிருமி குழந்தையின் மலத்தில் வெளிவரும் என்பதால், அப்போது கூடுதல் கவனம் வேண்டும்.

அடுத்த முறை ஏறும் முன்பே ஒருமுறை மாற்றிவிடுங்கள், பாதி நனைந்திருந்தாலும் சரி. 2015 ஆகஸ்டு முதல் பேருந்து நிலையங்களில் தாய்மார்களுக்கான பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று நேரக்காப்பாளரிடம் கேளுங்கள்; கேட்கக் கேட்கத்தான் அந்த அறைகள் திறந்திருக்கும்.

கேள்வி: நான் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர். ஈரோட்டிலிருந்து சென்னைக்குப் பகல் ரயிலில் போகும்போது, நான் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்த நேரத்தில், பக்கத்து இருக்கைப் பெண்மணி முன்னிருக்கும் சாப்பாட்டுப் பலகையின்மேலேயே குழந்தையைக் கிடத்தி டயப்பர் மாற்றினார். கழிவறைக்குக் கொண்டுபோகலாமே என்றேன். அவர் வருத்தப்பட்டுவிட்டார். நான் சொன்னதில் பிழை உண்டா?
– வாசகர், ஈரோடு

பதில்: பலகையில் கிடத்தியது பிழை, அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. அடுத்து வருகிறவர் அதே பலகையில் சாப்பாட்டை வைப்பார். போதாக்குறைக்கு அது குழந்தையின் எடையைத் தாங்கச் செய்யப்பட்டதும் அல்ல.

ஆனால் கழிவறையைக் காட்டியது சரியில்லைங்க, ஐயா. ஆடும் பெட்டியில், ஈரத் தரையில், கிடத்த ஓரிடமும் இல்லாத அந்தச் சிறு அறையில் ஒரு தாய் எப்படிக் குழந்தையைப் பிடித்துக்கொண்டு மாற்றுவார்? விரிப்புப் போட்ட இருக்கைதான் உரிய இடம். பெட்டியின் ஓரத்தில் காலி இருக்கை கிடைத்தால் இன்னும் நல்லது. சிறுநீர் மட்டும் என்றால் நீங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் பொறுத்திருக்கலாம். மலம் என்றால் நீங்கள் ஐந்து நிமிடம் பொட்டலத்தை மூடிவைக்கலாம். இட்லி எங்கும் ஓடிவிடாது.

ரயிலில் பயணம் செய்யும் தாய்மார்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்போதைய பெட்டிகளில் இருப்பவை உயிரிக் கழிவறைகள். கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கும்படி அமைக்கப்பட்ட அந்தத் தொட்டியில் ஒரு டயப்பர் விழுந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். சென்னை சேரும்வரை பெட்டி முழுவதற்கும் அவஸ்தை. சன்னல் வழியாக வீசினால் அது தண்டவாளத்தைப் பராமரிக்கும் தொழிலாளியின் மேல் விழலாம். ரயில்வே இடங்களை அசுத்தப்படுத்தினால் 500 ரூபாய் வரை அபராதம் விதிக்க 2012ஆம் ஆண்டு விதிகளில் வழியுண்டு. சுற்றிக் கட்டியதைக் கழுவுதொட்டி அருகே உள்ள குப்பைத் தொட்டியில் போடலாம். அது நிரம்பி வழிந்தால் 139 என்ற எண்ணில் சொல்லித் துப்புரவுப் பணியாளரை அழைக்கலாம். அவர் கையால்தான் அள்ளப்போகிறார் என்பதால் அரைகுறையாகச் சுற்ற வேண்டாம். துணி நாப்கின் கட்டுகிறவர்கள் அதை அந்தக் கழுவுதொட்டியில் அலசவும் வேண்டாம். மற்றவர்கள் வாய் கொப்பளிக்கும் இடம் அது.

கேள்வி: மனைவி வேலைக்குச் செல்வதால், பத்து மாத மகளை அவளுடைய அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) வீட்டில் விடத் திருப்பூரிலிருந்து தாராபுரம் வழியாகப் பழனிக்கு நானே பேருந்தில் அழைத்துப் போகிறேன். பாலூட்டும் அறைக்குள் ஆண்களை விடுவதில்லை. எங்கே மாற்றுவது?
– வாசகர், திருப்பூர்

பதில்: உள்ளே வேறு தாய்மார்கள் பாலூட்டிக்கொண்டிருப்பதால் அந்த அறை உங்களுக்கு ஆகாது, அதில் குறைப்பட வேண்டாம். தந்தையர் குழந்தையோடு தனியே பயணம் செய்வது இன்று புதிதல்ல என்பதால், பேருந்து நிலையங்களில் இருபாலருக்கும் பொதுவாக ஒரு மாற்றுமேடை அமைக்கச் சொல்லி நகராட்சிக்கு எழுதுங்கள். அதுவரை வசதியான இடம், புறப்படக் காத்திருக்கும் பேருந்தின் காலி இருக்கைதான். வண்டி கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்பே ஏறி, ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள். தாராபுரத்தில் வண்டி நிற்கும்போது ஒருமுறை டயப்பரின் வெளிப்புறக் கோட்டின் நிறத்தைப் பார்த்துவிடுங்கள்.

நீங்கள் தடுமாறுவதைப் பார்த்து யாராவது ஒரு பாட்டி, "குடுங்க சாமி, நான் மாத்தி உடறேன்" என்று கை நீட்டுவார். விருப்பமிருந்தால் கொடுங்கள், இல்லையென்றால் "பரவாயில்லீங்க ஆத்தா, நானே பாத்துக்கறேன்" என்று சொல்லுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவர் மாற்றிக் கொடுத்தாலும், கழற்றியதைச் சுருட்டிக் கட்டி எடுத்துச் செல்வதும், அவர் கை கழுவத் தண்ணீர் ஊற்றுவதும் உங்கள் வேலை.