மாதவிடாய் நாட்களில் கிறிஸ்தவப் பெண்கள் திருவிருந்து (ஆலயத்தில் அப்பமும் திராட்சரசமும் பெறுவது) எடுக்கலாமா? வேதாகமத்தில் மோசேயின் சட்டங்கள் உள்ள லேவியராகமம் அதைத் தீட்டு என்கிறதே?

எடுக்கலாம். நான் எடுக்கிறேன். கேள்வியின் இரண்டாம் பாதிக்குத்தான் பதில் கொஞ்சம் நீளும்.

எங்கள் வீடு திருநெல்வேலிப் பக்கம். ராத்திரி குடும்ப ஜெபத்தில் ஆளுக்கொரு அதிகாரமாக வேதாகமத்தை வரிசையாக வாசிப்போம். லேவியராகமம் 15 வந்த அன்று என் முறை. இரண்டு வசனம் வாசித்திருப்பேன், ஆச்சி "அத விடு, பதினாறுக்குப் போ" என்றாள். ஆனால் எனக்குத் திடப்படுத்தல் முடிந்து, திருவிருந்து எடுக்கும் உரிமை வந்த பிறகு, திருவிருந்து ஞாயிறு 'அந்த' நாளில் வந்துவிட்டால், அதே ஆச்சி "இன்னைக்கு மேல போகாதட்டி" என்பாள். எல்லாரும் வரிசையாக முன்னே போய் முழங்கால்படியிடுவார்கள், நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பேன். நான் ஏன் போகவில்லை என்பது ஊருக்கே தெரியும். காரணம் கேட்டால், "வேதத்துலயே இருக்கு."

குடும்ப ஜெபத்தில் வாசிக்கக்கூடாத அதிகாரம், சட்டம் போட மட்டும் வேண்டும்! பிற்பாடு அதைத் தனியாக உட்கார்ந்து வாசித்தேன். முதல் பாதி முழுக்க ஆண்களைப் பற்றியது. விந்து கழிந்தவன் குளிக்க வேண்டும், சாயங்காலமட்டும் தீட்டு. கணவன் மனைவி சேர்ந்திருந்தால் இருவருக்கும் அப்படியே. சனி இரவையும் கணக்கில் எடுத்தால் ஞாயிறு காலை கடைசி பெஞ்சில் இடம் போதாது. ஆனால் ஆண்களுக்கான வசனங்களை எந்த ஆச்சியும் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

அந்தச் சட்டத்தில் தீட்டு என்பது பாவமும் இல்லை. செத்துப்போன அப்பாவைத் தொட்டுத் தூக்கி அடக்கம் செய்த மகனுக்கு ஏழு நாள் தீட்டு. அடக்கம் செய்வது அவன் கடமை, ஆனாலும் தீட்டுதான். அந்த நிலையில் பரிசுத்த ஸ்தலத்துக்குள் நுழையக்கூடாது, பலியில் பங்குபெறக்கூடாது என்பதுதான் விஷயம். கி.பி. 70-இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்த பிறகு யூதர்களிடமே இதில் பெரும்பகுதி நடைமுறையில் இல்லாமல் போனது. மாதவிடாய்ச் சட்டம் முக்கியமாகக் கணவன் மனைவி உறவு சார்ந்ததாக நின்றது. வேத வார்த்தைகளுக்குத் தீட்டு ஒட்டாது என்று யூத ரபிகளின் சட்ட விளக்க நூலான தல்மூத் சொல்கிறது. அப்படியிருக்க, கிறிஸ்தவர்களிடம் இது எப்படித் திரும்ப வந்தது?

இதில் எல்லாரும் கையில் எடுத்தது ஒரே பெண்ணின் கதை. பன்னிரண்டு வருஷமாய்ப் 'பெரும்பாடுள்ள ஸ்திரீ', அதாவது உதிரப்போக்கு நிற்காதவள், கூட்டத்துக்குள் பின்னாலிருந்து வந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டவள். மாற்கு 'வஸ்திரம்' என்கிறார், மத்தேயுவும் லூக்காவும் 'வஸ்திரத்தின் ஓரம்' என்கிறார்கள். அந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டுதான் சண்டையே.

மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா ஆயர் தியோனீசியு ஒரு கடிதத்தில் சொல்கிறார்: அவளே ஆண்டவரைத் தொடவில்லை, ஓரத்தைத்தான் தொட்டாள், ஆகவே மாதவிடாயில் இருக்கும் பெண்கள் திருவிருந்துக்கு வரத் துணியக்கூடாது. அதே கடிதத்தில், தூக்கத்தில் விந்து வெளியான ஆண்களுக்கு அவரவர் மனசாட்சிப்படி நடந்துகொள்ளலாம் என்கிறார். எனக்கு ஆச்சி ஞாபகம்தான் வந்தது. கிட்டத்தட்ட அதே காலத்தில் சிரியாவில் எழுதப்பட்ட ஒரு திருச்சபை ஒழுங்கு நூல், அவள் தொட்டதற்காகக் கடிந்துகொள்ளப்படவில்லையே என்று கேட்டு, இந்த நாட்களில் ஜெபத்திலிருந்தும் திருவிருந்திலிருந்தும் விலகி நிற்கும் பெண்களைக் கண்டிக்கிறது.

இங்கிலாந்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. கான்டர்பரியின் முதல் பேராயர் அகஸ்டின் இதே கேள்வியை ரோமுக்கு எழுதிக் கேட்டார். 601-இல் போப் முதலாம் கிரகோரி அனுப்பிய பதிலை பீட் என்ற ஆங்கிலேயத் துறவி தன் வரலாற்று நூலில் சேர்த்திருக்கிறார். நோயில் இருந்தவள் ஆண்டவரின் ஆடையைத் தொட்டது சரி என்றால், இயற்கையாக மாதவிலக்கு வந்தவள் ஆலயத்துக்குள் வருவது மட்டும் எப்படித் தவறாகும் என்று கேட்கிறார் கிரகோரி. திருவிருந்தையும் தடுக்கக்கூடாது என்கிறார். பயபக்தியால் அவளாகவே வாங்காமல் இருந்தால் அது பாராட்டத்தக்கது என்று ஒரு வால் சேர்த்திருக்கிறார், அதையும் சொல்ல வேண்டும். அப்புறம் நூறு வருஷம்கூட ஆகவில்லை. அதே கான்டர்பரியில் பேராயராக இருந்த தியோடரின் பெயரில் வழங்கும் தண்டனை விதிகள், அந்த நாட்களில் ஆலயத்துக்குள் வரும் பெண்ணுக்கு, கன்னியாஸ்திரீயானாலும் சரி, மூன்று வாரம் உபவாசம் விதிக்கின்றன. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையில் இன்றுவரை பெண்கள் அந்த நாட்களில் ஆலயத்துக்கு வெளியே நின்றுதான் ஜெபிக்கிறார்கள். பிரசவத்துக்குப் பின் ஆண் குழந்தை என்றால் 40 நாள், பெண் குழந்தை என்றால் 80 நாள், லேவியராகமம் 12-இல் உள்ள கணக்குப்படியே.

எங்கள் ஊரில் இருந்தது லேவியராகமமே இல்லை என்பது என் எண்ணம். 'வீட்டுக்குத் தூரம்' என்று தனித் தட்டு, தனிப் பாய் கொடுத்து மூலையில் உட்காரவைக்கும் பழக்கம் எங்கள் குடும்பம் வேதத்தில் சேருவதற்கு முன்பே வீட்டில் இருந்தது. தமிழ் வேதாகமத்திலும் அதே 'தீட்டு' என்ற சொல்லையே போட்டுவிட்டதால், ஆச்சி தன் வீட்டுப் பழக்கத்துக்கு மோசே கையெழுத்துப் போட்டிருப்பதாக நினைத்துக்கொண்டாள். சாயங்காலத்தோடு முடியும் தீட்டு, ஆண்களுக்கும் உண்டான தீட்டு என்பதெல்லாம் அந்தச் சொல்லில் அவள் காதுக்கு எட்டவில்லை.

கல்லூரி விடுதியில் இருந்தபோது ஒரு திருவிருந்து ஞாயிறன்று, இரண்டாம் நாள், மேலே போனேன். அப்பம் வாங்கும்போது கை நடுங்கியது. விடுமுறைக்கு ஊருக்கு வந்ததும் ஆச்சியிடம் சொல்லிவிட்டேன். திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவள் முறத்தில் இருந்த அரிசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "வெள்ளச் சேல கட்டியாட்டி போன?" என்று மட்டும் கேட்டாள்.