பழைய மடிக்கணினிக்கு எந்த லினக்ஸ்?

கேள்வி: எனது பழைய மடிக்கணினியில் கோர் 2 டுயோ செயலியும் 2 ஜிபி ரேமும் உள்ளன. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் நின்றுவிட்டதால், எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை நிறுவ எண்ணுகிறேன். எதைத் தேர்ந்தெடுக்கலாம்? வேண்டியதை மட்டும் சேர்த்து நானே ஒன்றை உருவாக்கிக்கொள்ள இயலுமா? தமிழில் தட்டச்சு செய்வதும் இணையம் பார்ப்பதுமே என் வேலைகள்.
- வாசகர், திண்டுக்கல்

பதில்: முதலில், செயலியின் பெயரில் அந்த ‘2’ இருக்கிறதா என்று மீண்டும் ஒருமுறை பாருங்கள். வெறும் கோர் டுயோ என்றால் அது 32 பிட் செயலி. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13 (டெபியன் என்பது பல லினக்ஸ்களுக்கு அடித்தளமான ஒரு லினக்ஸ்) அத்தகைய கணினிகளுக்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டது. கோர் 2 டுயோ 64 பிட் என்பதால் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

பேரி கவ்லர் 2003இல் தொடங்கிய பப்பி லினக்ஸ், தன்னை முழுவதுமாக ரேமில் ஏற்றிக்கொண்டு ஓடுவதால் வியக்கத்தக்க வேகம் காட்டும். ஆனால் இயல்பாகவே ரூட் பயனராக, அதாவது கணினியின் எல்லா அதிகாரங்களுடனும் இயங்குவதால், வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினிக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. டைனி கோர் சுமார் 20 எம்பி அளவே உடையது என்றாலும், உலாவி முதல் எழுத்துரு வரை ஒவ்வொன்றையும் நீங்களே தேடிச் சேர்க்க வேண்டும். நிறுவியதும் வேலையைத் தொடங்க வேண்டும் என்றால், டெபியனை அடித்தளமாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் போதும்.

எதை நிறுவினாலும் சில நூறு எம்பி ரேமை மிச்சப்படுத்தலாமே தவிர, இன்றைய உலாவியில் நாலைந்து பக்கங்களைத் திறந்தாலே அந்த மிச்சம் கரைந்துவிடும். ஆகவே ரேமை 4 ஜிபி ஆக்குவதும், பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்துவதும் எந்த லினக்ஸையும்விட அதிகப் பலன் தரும்.

நீங்களே உருவாக்க இயலும். லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச் என்னும் கையேட்டின்படி ஒவ்வொரு நிரலையும் அதன் மூலநிரலிலிருந்து தொகுக்கலாம். கற்பதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் உங்கள் செயலியில் அது நாள்கணக்கில் இழுக்கும். பிறகு வரும் பாதுகாப்புத் திருத்தங்கள் அனைத்தும் உங்கள் தலையில்தான் விழும். அதைவிட, டெபியனின் சிறிய நிறுவியை எடுத்து, மென்பொருள் தேர்வுத் திரையில் டெஸ்க்டாப்புக்கான குறிகளை நீக்கிவிட்டு, பின்னர் வரைகலைத் திரைக்கான எக்ஸ்ஆர்க், நிரல்களின் சாளரங்களை நிர்வகிக்கும் ஐஸ்டபிள்யூஎம் சாளர மேலாளர், ஓர் உலாவி ஆகியவற்றை மட்டும் சேர்ப்பதே என் தேர்வு. திருத்தங்களை டெபியன் பார்த்துக்கொள்ளும்.

இப்படிக் கட்டிய கணினியில் தமிழ் எழுத்துரு இல்லையெனில் கட்டங்களே தெரியும். லோஹித் தமிழ் எழுத்துருவை நிறுவுங்கள். தமிழ்99 விசைப்பலகைக்கு, தட்டச்சு உள்ளீட்டைக் கவனிக்கும் ஐபஸ், அதற்கான மொழி விசைப்பலகைகளைத் தரும் எம்17என் இரண்டும் வேண்டும். ஐபஸ் இங்கே தானாகத் தொடங்காது என்பதால், ஐஸ்டபிள்யூஎம்மின் தொடக்கக் கோப்பில் அதை எழுதிவைக்க வேண்டும். பலர் இடறுவது இந்த இடத்தில்தான்.

நிறுவுவதற்கு முன் ஆன்டிஎக்ஸைப் பென் டிரைவிலிருந்து ஓட்டி வைஃபை இயங்குகிறதா என்று பாருங்கள். பழைய மடிக்கணினிகள் பலவற்றிலுள்ள பிராட்காம் வைஃபை சில்லுக்குத் தனி ஃபர்ம்வேர் (சில்லை இயக்கும் சிறு மென்பொருள்) தேவைப்படும். அதை இறக்கும்வரை லேன் கம்பி ஒன்று கைவசம் இருக்கட்டும்.