பணம் போன தடம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் பாஸ்புக்கை வீட்டுக்காரர்தான் வங்கிக்குக் கொண்டுபோய்ப் பதிந்து வருவார். பூ வாங்கிய 20 ரூபாய்கூட வரிசையாக வந்துவிடுகிறது, ஒவ்வொன்றுக்கும் விசாரணை. பேசாமல் ரொக்கத்துக்கே மாறிவிடட்டுமா?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: வேண்டாம். உங்கள் செயலியிலேயே ‘யூபிஐ லைட்’ இருக்கும். கணக்கிலிருந்து அதில் பணம் ஏற்றிக்கொள்ளுங்கள். இருப்பு 5,000 ரூபாய் வரை, ஒரு தடவைக்குச் செலவு 1,000 ரூபாய் வரை. ஏற்றிய தொகை மட்டும் பாஸ்புக்கில் ஒரே வரியாக வரும், பூவும் வளையலும் வராது. ஆனால் செயலிக்குள் எல்லாச் செலவும் பதிவாகியிருக்கும், அதனால் போனுக்குப் பூட்டு போடுங்கள். லைட்டில் பின் நம்பர் கேட்காது. திறந்த போன் யார் கையில் சிக்கினாலும் அதிலுள்ள பணம் போய்விடும் என்பதால் வாரச் செலவுக்கு வேண்டியதை மட்டும் ஏற்றுங்கள். போனை மாற்றும் முன் மீதியைக் கணக்குக்குத் திருப்பிவிடுங்கள். உங்கள் கணக்கில் உங்கள் சிறு செலவை மறைத்துக்கொள்வதில் தப்பே இல்லை, தாயே.

கேள்வி: டிஜிட்டல் ரூபாய் ரொக்கம் மாதிரிதான், யார் செலவழித்தார் என்று ஒருவருக்கும் தெரியாது என்கிறார் நண்பர். நம்பலாமா?
– வாசகர், சிம்மக்கல்

பதில்: பாதி நம்பலாம். இது ரிசர்வ் வங்கியே வெளியிடும் பணம். பொதுமக்களுக்கான சோதனை 2022 டிசம்பர் 1 அன்று தொடங்கியது. 50 காசு முதல் 500 ரூபாய் வரை, நோட்டு, நாணயத்துக்கு உள்ள அதே மதிப்புகளில் போனில் உள்ள வாலட்டில், அதாவது மின்பணப்பையில், கிடக்கும், வட்டி வராது. வாலட்டில் ஏற்றுவதும் திருப்புவதும்தான் வங்கிக் கணக்கில் தெரியும். டீக்கடையில் கொடுத்த 15 ரூபாய் அங்கே வராது. நண்பர் சொன்னது இதுவரைக்கும் சரி.

ஆனால் அந்த வாலட்டைத் தருவதே வங்கிதான். கணக்கையும் சிம்மையும் பார்த்துத்தான் திறக்கிறார்கள். போன் தொலைந்தால் புதுப் போனில் வாலட்டை மீட்க முடிவதும் அதனால்தான். கைமாறும் நோட்டு எந்தப் பதிவையும் விட்டுச் செல்லாது, இது விட்டுச் செல்லும். சட்டப்படி கேட்கும் அதிகாரிக்கு அந்தப் பதிவு கிடைக்கும்.

என் நெடுநாள் குறை இதில்தான். சிறு தொகைக்கு ரொக்கம்போல ஓரளவு பெயர் மறைப்பு, பெருந்தொகைக்குத் தடம் என்ற எண்ணம் ரிசர்வ் வங்கியின் 2022 அக்டோபர் கருத்துக் குறிப்பிலேயே இருந்தது. பதிவுகளை நிரந்தரமாக அழிப்பது போன்ற தொழில்நுட்ப வழியிலோ சட்டத்தாலோ மறைப்பைக் கொண்டுவரலாம் என்று அப்போதைய கவர்னர் சக்திகாந்த தாஸ் 2024-இல் சொன்னார். எத்தனை ரூபாய் வரை மறைப்பு, எத்தனை நாளில் அழிப்பு, யார் உத்தரவிட்டால் பார்க்கலாம்? இந்த மூன்றையும் எண்ணும் எழுத்துமாகச் சட்டத்தில் போடாதவரை, வாலட் வைத்திருப்பவர் கையில் உறுதி ஏதும் இல்லை. டிஜிட்டல் யூரோவுக்கான ஐரோப்பிய மத்திய வங்கியின் திட்டத்தில், இணையம் இல்லாமல் கொடுக்கும் பணத்தின் விவரம் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் மட்டும்தான் தெரியும். இங்கே நாமும் அதைக் கேட்கலாம். அதேநேரம், தடமே கூடாது என்பவர்களோடு என்னால் சேர முடியாது. ரொக்கம் கொடுத்து, பில் வாங்காமல் ஃபிரிட்ஜ் எடுத்தவர் பழுதான நாளில் எதைக் காட்டுவார்?

கேள்வி: 3 லட்ச ரூபாய்க்கு நகை. டிஜிட்டல் ரூபாயில் கொடுத்தால் பான் கார்டு கேட்க மாட்டார்களா?
– வாசகர், தெற்கு மாசி வீதி

பதில்: கேட்பார்கள். ஒரே பில்லில் 2 லட்சத்தைத் தாண்டினால் எப்படிக் கொடுத்தாலும் பான் வேண்டும்.

கேள்வி: டெலிகிராமில் பழக்கமானவரிடம் யூஎஸ்டிடி என்ற கிரிப்டோ காயின் வாங்க, அவர் சொன்ன மூன்று யூபிஐ ஐடிகளுக்கு 40,000 ரூபாய் போட்டேன். காயின் வரவில்லை, 12 நாளாகிறது. வரித்துறைக்குத் தெரியக் கூடாது என்றுதான் தனியாளிடம் போனேன்.
– வாசகர், மேலூர்

பதில்: விற்பவர் ஒருவர், ஐடி மூன்று. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டாமா? வரிக்குப் பயந்து போனதாகச் சொல்கிறீர்கள். 30 சதவீத வரி விற்று வரும் லாபத்துக்குத்தான், வாங்குவதற்கு அல்ல. அதைக்கூடப் பார்க்கவில்லை. சைபர் மோசடிக்கான 1930 உதவி எண்ணை அன்றே அழைத்திருந்தால் பணம் கணக்கு தாண்டிக் கணக்கு ஓடும் முன் தடுக்க வழி இருந்தது. இப்போதாவது அழையுங்கள். ஒவ்வொரு பரிமாற்றத்தையும் அடையாளம் காட்டும் 12 இலக்க யூடிஆர் எண்ணையும் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டையும் அழிக்காமல் கொடுங்கள். நீங்கள் வேண்டாம் என்று நினைத்த அந்தத் தடம்தான் இன்று உங்களுக்கு உள்ள ஒரே பிடி.

கேள்வி: மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் பூ விற்கிறேன். யாரோ க்யூஆரில் 600 ரூபாய் போட்டது மோசடிப் பணமாம். வேறு மாநிலப் போலீஸ் சொல்லிக் கணக்கையே முடக்கிவிட்டார்கள். நாளைக் கொள்முதலுக்கே காசில்லை.
– வாசகி, மதுரை

பதில்: அம்மா, நீங்கள் செய்த குற்றம் எதுவுமில்லை. திருடனைத் தேடும் தடம் உங்கள் கடை வழியாகப் போயிருக்கிறது, அதன் சுமையை உங்கள் தலையில் இறக்கிவிட்டார்கள். வாய்ப் பேச்சோடு விடாமல் எழுத்தில் இறங்குங்கள்.

முதலில் வங்கிக் கிளையில் மனு கொடுத்து, சைபர் புகார் எண், எந்தக் காவல் நிலையம், சர்ச்சைக்குரிய தொகை எவ்வளவு என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். மனு நகலில் முத்திரை போடச் சொல்லுங்கள். அதே மனுவில், அந்த 600 ரூபாயை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்கக் கேளுங்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை, முழுக் கணக்கும் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கிறது. அடுத்து அந்தக் காவல் நிலையத்துக்கு மின்னஞ்சல்: அடையாள அட்டை, கடைக்கான அத்தாட்சி, யூடிஆர் எண், அன்றைய வியாபாரக் குறிப்பு. நகல் வங்கிக்கும் போகட்டும். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். 14448-இல் விவரம் சொல்வார்கள். போலீஸ் அசையாவிட்டால் நீதிமன்றம்தான், தேவைப்பட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை. வக்கீல் செலவுக்கு அஞ்ச வேண்டாம். பெண் என்பதாலேயே, வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி பெற உங்களுக்கு உரிமை உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

இனி க்யூஆருக்குத் தனிக் கணக்கு வையுங்கள். கொள்முதல் பணத்தை அதில் தங்கவிடாதீர்கள். பெரிய தொகை வந்தால் நேரம், சரக்கு, எடை என ஒரு வரி நோட்டில் எழுதி வையுங்கள்.

கேள்வி: விளக்குத்தூண் பக்கம் ஒரு துணிக்கடையில் போன் நம்பர் சொன்னால்தான் பில் என்கிறார்கள். சரியா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: சரியில்லை. பில் போட நம்பரைக் கட்டாயமாக்கக் கூடாது என்று 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அறிவுறுத்தியிருக்கிறது. நம்பிச் சொன்ன சொந்த விவரத்தைச் சட்ட அனுமதியின்றி அடுத்தவரிடம் கொடுப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிகமுறை என்கிறது. ஒரே துவையலில் சாயம் போன சட்டைக்காகக் கொடுத்த என் நம்பருக்கு இன்னும் கடன் விளம்பரம் வருகிறது, அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன். வாரண்டி உள்ள பொருளுக்கு நம்பர் கொடுங்கள், சட்டைக்கு வேண்டாம். நம்பரே உங்கள் யூபிஐ ஐடியாக இருந்தால் பணம் கட்டும்போதே கடைக்குப் போய்விடும். செயலியில் எண் இல்லாத ஐடி ஒன்றை உருவாக்கி அதையே முதன்மையாக்குங்கள். அதன் பிறகும் பில் மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அங்கிருந்தே அழையுங்கள்.