சேரிங் கிராஸ் முதல் ஏரி வரை: டிராமா, டிராலி பஸ்ஸா, பேட்டரி பஸ்ஸா?

வாசகர் கேள்விகள் – மலையூர்ப் போக்குவரத்து

அமெரிக்காவில் சில ஊர்களில் கடைவீதியையும் நீர்க்கரையையும் டிராலி விட்டு இணைத்திருக்கிறார்களாம். ஊட்டியில் சேரிங் கிராஸிலிருந்து படகு இல்லத்துக்கு அப்படி ஓட்ட முடியாதா?
– வாசகர், ஃபிங்கர் போஸ்ட்

அங்கே டிராலி என்பது தண்டவாளத்தில் ஓடும் டிராம். அப்படியொரு சேவையை இங்கும் ஓட்டலாம்; எந்த வண்டி என்பதைப் பின்னால் பார்ப்போம். ஆனால் சேரிங் கிராஸில் தொடங்கக் கூடாது. தாவரவியல் பூங்கா, சேரிங் கிராஸ், கமர்ஷியல் ரோடு, மார்க்கெட், பஸ் நிலையம், ரயில் நிலையம், படகு இல்லம் என்று தடம் போனால்தான் இரண்டு திசையிலும் ஆள் ஏறும். ஒரு முனையில் மட்டும் கூட்டம் இருந்தால், வண்டி நிறைந்து போய்க் காலியாகத் திரும்பும்.

நீங்கள் சொல்லும் ஊர்களில் நமக்கு நெருக்கமானது கெனோஷா. மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் சிறு நகரம். 2000ஆம் ஆண்டில் ரயில் நிலையத்தையும் கடைவீதியையும் ஏரிக்கரையையும் ஒரு சுற்றுத் தண்டவாளத்தால் இணைத்து, டொரோண்டோவில் ஓடிய பழைய டிராம்களை வாங்கி விட்டார்கள். சான் பிரான்சிஸ்கோவில் 1995இல் மார்க்கெட் தெருவில் தொடங்கிய பழங்கால டிராம் தடம் 2000இல் மீன்பிடித் துறை வரை நீண்டது. கடலோரச் சாலையில் அதற்கென்று தனித் தடம் உண்டு. ஊட்டிக்காரர்கள் கவனிக்க வேண்டியது அந்தத் தனித் தடத்தைத்தான். வண்டியின் அழகை அல்ல.

கணக்குப் போட்டால் ஏன் என்று தெரியும். ஒரு வழி 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நின்று நின்று போவதையும் சேர்த்து மணிக்கு 12 கிலோமீட்டர் கிடைத்தால் போக 15 நிமிடம், வர 15 நிமிடம், இரு முனையிலும் மும்மூன்று நிமிட ஓய்வு. மொத்தம் 36 நிமிடம். ஆறு வண்டி விட்டால் 6 நிமிடத்துக்கு ஒன்று வரும். முப்பது இருக்கை வண்டி என்றால் ஒரு திசையில் மணிக்கு 300 பேர். அதே ஆறு வண்டியும் மே மாத நெரிசலில் கார்களோடு சேர்ந்து மணிக்கு 6 கிலோமீட்டரில் ஊர்ந்தால், ஒரு சுற்று 66 நிமிடம். 11 நிமிடத்துக்கு ஒன்றுதான் வரும். மணிக்குச் சுமார் 160 பேர்தான். டீசலோ மின்சாரமோ, சம்பளமோ எதுவும் குறையவில்லை. சேவை மட்டும் பாதியாகிவிட்டது. பத்து நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டுமென்றால் குடும்பத்தோடு வந்தவர்கள் ஆட்டோ பிடித்துவிடுவார்கள்.

ஆகவே முதல் வேலை, கமர்ஷியல் ரோட்டில் ஒரு பக்கத்து பார்க்கிங்கை எடுத்து மூன்றரை மீட்டர் அகலத்தை வண்டிக்கென ஒதுக்குவது. கடைகளுக்குச் சரக்கு இறக்கக் காலை 9 மணி வரை நேரம் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் வியாபாரிகள் எதிர்ப்பார்கள், அது நியாயமும்கூட.

இன்னொன்று ஷெட். சியாட்டிலில் 1982இல் தொடங்கிய கடலோர டிராம் 2005இல் நின்றது. ஒரு சிற்பப் பூங்காவுக்காக வண்டி நிறுத்தும் ஷெட்டை இடித்தார்கள், மாற்றிடம் அமையவில்லை. ஆறு வண்டி ஓட ஏழாவது ஒன்று பழுது பார்க்க நிற்கும். அந்த ஏழுக்கும் இரவில் இடம் எங்கே என்று எழுதாத திட்டத்தை நம்பாதீர்கள்.

மெட்ராஸில் ஓடிய டிராம் போலத் தண்டவாளமே போடலாமே? மழையில் மேடு ஏறுமா?
– வாசகர், குன்னூர்

மெட்ராஸ் டிராம் 1895 முதல் 1953 வரை சமதளத்தில் ஓடியது. உங்கள் ஊருக்கு வரும் மலை ரயில் கல்லாறு–குன்னூர் இடையே 12க்கு 1 என்ற சரிவில் பல்சக்கரத்தைப் பிடித்துத்தான் ஏறுகிறது. எல்லாச் சக்கரத்துக்கும் மோட்டார் வைத்த டிராம் பல்சக்கரம் இல்லாமல் 6 முதல் 8 சதவீதச் சரிவைச் சமாளிக்கும். லிஸ்பனில் 13 சதவீதத்துக்கு மேலும் ஏறுகிறது.

ஏறுவதைவிட இறங்கி நிற்பதுதான் கஷ்டம். ஈரத் தண்டவாளத்தில் விழுந்த இலையைச் சக்கரம் நசுக்கினால் வழுக்கும் படலமாகிவிடும். அதற்கு மணல் தூவ வேண்டும். சலித்து உலர்த்திய மணலாக இருந்தாலும் நீலகிரி ஈரத்தில் கட்டியாகிக் குழாயை அடைக்கும். மணல் பெட்டியைச் சூடாக்கி வைக்க வேண்டும். தண்டவாளத்தைப் பிடிக்கும் காந்த பிரேக்கும் கட்டாயம்.

இவை எல்லாம் தீர்க்கக்கூடியவை. என்னைத் தயங்க வைப்பது தரைக்குக் கீழே இருப்பது. பஸ் நிலையமும் ரேஸ் கோர்ஸும் இருக்குமிடம் ஒரு காலத்தில் ஏரி. 1820களில் கலெக்டர் ஜான் சல்லிவன் வெட்டிய ஏரி அங்கெல்லாம் பரந்திருந்தது. தூர்ந்த மண்ணில் துளையிட்டுப் பார்க்காமல் கான்கிரீட் பலகை போட்டால், ஒரு பக்கம் இறங்கித் தண்டவாளம் கோணும். அடுத்தது குடிநீர்க் குழாய். தண்டவாளம் வழியே திரும்பும் நேர்மின்சாரம் மண்ணில் கசிந்து, பக்கத்து இரும்புக் குழாய்க்குத் தாவும். அது குழாயை விட்டு வெளியேறும் இடத்தில் இரும்பை அரித்துத் துளைக்கும். தண்டவாளத்துக்கு ரப்பர் உறை, பழைய குழாய்களுக்கு இடமாற்றம் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். பள்ளத் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்கும் பைக்குகள் மழையில் விழும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊட்டிக்கு டிராம் வேண்டாம் என்பதே என் கருத்து.

அப்படியானால் டிராலி பஸ்ஸா, பேட்டரி பஸ்ஸா? குளிரில் பேட்டரி இறங்கிவிடும் என்கிறார்களே?
– வாசகி, கோத்தகிரி

டிராலி பஸ் என்பது தலைக்கு மேல் போகும் கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து டயரில் ஓடும் பஸ். ரப்பர் டயர் மேட்டில் நன்றாகப் பிடிக்கும். சான் பிரான்சிஸ்கோவில் டிராலி பஸ்கள் 20 சதவீதத்துக்கு மேற்பட்ட சரிவிலும் ஏறுகின்றன. ஆனால் டயர் வழியே மின்சாரம் தரைக்குத் திரும்பாது. அதனால் தலைக்கு மேல் இரண்டு கம்பி வேண்டும், 25–30 மீட்டருக்கு ஒரு கம்பம் வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றில் கிளை முறிந்து விழும் ஊரில் அந்தக் கம்பியைக் காப்பது தினசரி வேலை. டெல்லியில் 1962இலும் மும்பையில் 1971இலும் டிராலி பஸ் நின்றுபோனது. ஏற்றத்தில் மட்டும் கம்பி, மற்ற இடத்தில் பேட்டரி என்ற கலப்பு வகை நீண்ட தடத்துக்கு நல்லது. 3 கிலோமீட்டருக்குத் தேவையில்லை. 9 மீட்டர் பேட்டரி பஸ்ஸே போதும்.

ஆட்களோடு 12 டன் இருக்கும் பஸ் 50 மீட்டர் உயரம் ஏற 1.6 யூனிட் மின்சாரம் போகும். விரயம் சேர்த்து 2 யூனிட் என்று வையுங்கள். இறங்கும்போது மோட்டாரே பிரேக்காக வேலை செய்து ஒரு பகுதியைத் திருப்பித் தரும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: மேட்டில் இருக்கும் ஷெட்டில் 100 சதவீதம் சார்ஜ் போட்டு அனுப்பினால், நிறைந்த பேட்டரி அந்த மின்சாரத்தை வாங்காது. முழுச் சுமையும் பிரேக் கட்டைக்குப் போய்ச் சூடேறும். மேட்டு ஷெட் என்றால் 85–90 சதவீதத்தோடு நிறுத்துங்கள்.

குளிர் உண்மையான பிரச்சினைதான். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி விடியலில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போன லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்தால், உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து ஆயுள் குறையும். இரவு கடைசி ஓட்டம் முடிந்து பேட்டரி சூடாக இருக்கும்போதே சார்ஜ் போட்டுவிடுவது நல்லது.

இ-பாஸ் வந்த பிறகும் இது தேவையா?
– வாசகர், கேத்தி

தேவை. 2024 மே 7 முதல் இ-பாஸ் இருக்கிறது. 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வந்தது. அது மலைக்குள் வருவதைத்தான் கட்டுப்படுத்துகிறது. உள்ளே வந்த கார் கமர்ஷியல் ரோட்டில் சுற்றாமலிருக்க, தடத்தின் முனையில் பார்க்கிங்கும் அங்கேயே ஏற பஸ்ஸும் வேண்டும். பார்க்கிங் சீட்டே பஸ் டிக்கெட்டாகவும் செல்ல வேண்டும்.

கொடைக்கானலில் பஸ் நிலையத்திலிருந்து ஏரிக்கு இறங்க, பழனி விஞ்ச் போல ஒன்று அமைக்கலாமா?
– வாசகர், மூஞ்சிக்கல்

விஞ்சை ஒரே கயிற்றில் இரண்டு பெட்டி கட்டி அமைக்கலாம். இறங்கும் பெட்டியின் எடை மற்றொன்றை ஏற்ற உதவும் என்பதால் மின்சாரம் மிச்சம். 40 பேர் பெட்டி, 4 நிமிட ஓட்டம், 2 நிமிடம் ஏறி இறங்க என்றால் மணிக்கு 10 நடை, ஒரு திசையில் 400 பேர். கணக்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் கயிறு போகும் பாதையைச் சாலை எதுவும் சமமட்டத்தில் வெட்டக் கூடாது. வீடும் ரோடும் பின்னிக் கிடக்கும் அந்தச் சரிவில் அப்படியொரு பட்டை நிலம் கிடைப்பது அரிது. சிறிய பேட்டரி பஸ்ஸை ஏழு ரோடு வழியாக இறக்கி, ஏரியைச் சுமார் 5 கிலோமீட்டர் ஒரே திசையில் சுற்ற விடுங்கள். 25 நிமிடம் ஆகும். ஏரிச் சாலையில் குதிரையும் சைக்கிளும் போகின்றன. சத்தமில்லாமல் பின்னால் வரும் வண்டி குதிரையை மிரட்டும். குறைந்த வேகத்தில் ஒலி எழுப்பும் கருவி வேலை செய்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும்.

மனு கொடுக்குமுன் சரிவை நாங்களே அளக்க முடியுமா?
– வாசகர், லவ்டேல்

முடியும். போன் காட்டும் உயரத்தை நம்ப வேண்டாம். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூபை 12 மீட்டர் நீளத்துக்கு வாங்கி, காற்றுக்குமிழ் இல்லாமல் நிரப்புங்கள். 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு குச்சியில் பிடித்தால், இரண்டு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். தரையிலிருந்து அந்த மட்டம் வரையுள்ள உயரம் இரு குச்சியிலும் 60 செ.மீ. வேறுபட்டால் சரிவு 6 சதவீதம். மொத்தத் தடத்துக்குச் சராசரி எடுக்காதீர்கள். வண்டி திணறுவது மிகச் செங்குத்தான அந்தப் பத்து மீட்டரில்தான். ஆள் எண்ணிக்கையை 15 நிமிடத்துக்கு ஒரு தரம் குறியுங்கள்: ஒரு புதன், ஒரு சனி, மே மாதத்தில் ஒரு தடவை, ஜூலை மழையில் ஒரு தடவை. ஜூலையில் எவ்வளவு பேர் ஏறுவார்கள் என்பதை வைத்துத்தான் சீசன் இல்லாத மாதங்களுக்கு எத்தனை வண்டி என்று முடிவெடுக்க முடியும்.