வெளிநாட்டுப் பணம் நின்றுபோன மிஷன் சபைகளைச் சொந்தக் காலில் நிற்கவைப்பது எப்படி?

நீங்கள் எழுதியிருப்பது இது: உங்கள் சேகரம் (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதி) ஒரு மலைப்பகுதியில் ஏழு சிறு சபைகளைப் பார்த்துக்கொள்கிறது. உபதேசிமார் (சிறு சபைகளில் ஆராதனை நடத்தும் ஊழியர்கள்) சம்பளம், கோயில் பராமரிப்பு எல்லாம் ஒரு வெளிநாட்டுச் சபை அனுப்பிய பணத்தில் நடந்தன. இப்போது பணம் வருவதில்லை. "அவர்கள் அன்றாடங்காய்ச்சிகள், அவர்களிடம் போய் எப்படிக் கேட்பது?" என்று கேள்வியை முடித்திருக்கிறீர்கள்.

நான் சாத்தான்குளம் பக்கத்துக்காரன். பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் எங்கள் சேகரத்து மிஷனெரி கமிட்டிக்கு ஒன்பது வருஷம் பொருளாளராக இருந்தேன். நாங்களும் வடக்கே ஒரு மலையில் ஐந்து சபைகளைத் தாங்கினோம். உங்களுக்கு நேர்ந்ததுதான் எங்களுக்கும் நேர்ந்தது. கணக்கு எழுதியவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன், பிரசங்கம் எனக்கு வராது.

2017 மழைக்காலத்தில் அங்கே போயிருந்தேன். கான்கிரீட் கூரை ஒழுகி, பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தார்கள். ஆராதனை முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து, "சார், உங்க கோயில் ஒழுகுது, ஆள் அனுப்புங்க" என்றார். தன் வீட்டுக் கூரையை வருஷா வருஷம் தானே வேய்ந்துகொள்கிறவர் அவர். ஊர் திரும்பும் பஸ்ஸில் அந்த 'உங்க'வைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. மனைப் பத்திரம் எங்களிடம். கட்டியவர் கீழேயிருந்து போன கொத்தனார். பணம் கடல் தாண்டி வந்தது. உபதேசியாரைப் போடுவதும் மாற்றுவதும் நாங்கள். கணக்கை நான் இங்கிலீஷில் எழுதி வெளிநாட்டுக்கு அனுப்புவேன். அந்த மலையில் ஒருவர்கூட அதைப் பார்த்ததில்லை. பின்னே அது யாருடைய கோயில்?

அந்த மக்களிடம் கொடுக்க ஒன்றும் இல்லை என்று நாமாகவே முடிவு செய்துவிடுகிறோம். அவர்களிடம் இருப்பது நாம் அச்சடித்த காணிக்கைக் கவருக்குள் நுழையாது என்பதுதான் விஷயம். அதோடு, அவர்களைக் கேட்காமல் நாம் ஏற்றிவைத்த செலவு அவர்கள் தோளுக்குப் பெரியது. இந்த இரண்டையும் சரிசெய்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எங்கள் ஊர்க் கதையையே பாருங்கள். திருநெல்வேலிச் சபையும் அந்நியப் பணத்தில்தான் நடை பழகியது. 1827-ல் ஜெர்மன் மிஷனெரி ரேனியஸ் உருவாக்கிய டோனாவூருக்கு அந்தப் பெயர் வந்ததே, நிலம் வாங்கப் பணம் கொடுத்த ஜெர்மானியப் பிரபு டோனாவால்தான். கொடுத்தவர் பெயரை ஊரே சுமக்கிறது. ஆனால் அதே ரேனியஸ் காலத்தில், 1830-ல், தர்ம சங்கம் என்று ஒன்று தொடங்கினார்கள். துரத்தப்பட்ட கிறிஸ்தவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்த இங்குள்ள விசுவாசிகளும் காசு போட்டார்கள். பெரும்பாலும் பனையேறிகள். பதநீர் இறங்கும் ஆறேழு மாதம்தான் கையில் எதாவது புழங்கும், மற்ற மாதம் கடன். அவர்களிடம் வாங்கலாமா என்று யாரும் கூச்சப்பட்டதாகத் தெரியவில்லை. கருப்பட்டியாக வாங்கினார்கள், கோழியாக வாங்கினார்கள், முட்டையாக வாங்கினார்கள்.

என் ஆச்சி உலையில் அரிசி போடும் முன் ஒரு கைப்பிடி எடுத்து அடுப்பங்கரை மூலையில் இருந்த கலயத்தில் போடுவாள். மாசக்கடைசியில் அது கோயிலுக்குப் போகும். ஒரு நாள்கூடத் தவறியது கிடையாது, வீட்டில் கஞ்சி மட்டும் இருந்த நாளிலும். சபையார் கட்டும் சங்கக் காணிக்கை தனி. விளைச்சலைக் கோயிலுக்குப் படைக்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பற்றித் தென்மாவட்டத்துக்காரர்களிடம் சொல்லவே வேண்டாம். ஒரு முட்டை, ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பூசணிக்காய், எல்லாம் சந்தை விலையைப்போலப் பல மடங்குக்குப் போகும். எடுத்தவரே திரும்பக் கொடுத்து மறுபடி ஏலம் விடச் சொல்வார். (இதில் வீம்பும் உண்டு. மாமன் மச்சான் போட்டியில் ஏறிய விலையை எல்லாம் நான் பக்தியில் சேர்ப்பதில்லை. ஆனால் ரசீது போட்டிருக்கிறேன்.)

லண்டனில் சர்ச் மிஷனெரி சங்கத்தின் செயலாளராக 1841 முதல் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவர் ஹென்றி வென். தன்னைத் தானே தாங்குவது, தன்னைத் தானே ஆளுவது, தானே பரவுவது என்று சபைக்கு மூன்று இலக்கணம் சொன்னார். மிஷன் வேலை முடிந்து இடத்தைக் காலி செய்ய வேண்டும், அதுதான் வெற்றி என்பது அவர் வாதம். நம்மில் பலர் அந்த மூன்றில் முதலாவதை மட்டும் பிடித்துக்கொள்கிறோம்: "செலவை நீங்கள் பாருங்கள், முடிவை நாங்கள் எடுக்கிறோம்." இது ஒரு காலும் நடக்காது. யாருக்குப் பெட்டிச் சாவி இல்லையோ அவர் பெட்டியில் போடமாட்டார். நீங்களும் போடமாட்டீர்கள்.

மூன்றாவதை, அதாவது தானே பரவுவதை, பலர் கடைசிக்குத் தள்ளிவைப்பார்கள், முதலில் இவர்கள் நிற்கட்டும், அப்புறம் பிறருக்குக் கொடுக்கட்டும் என்று. நடந்த சரித்திரம் வேறு மாதிரி. 1902-ல் திருநெல்வேலிப் பக்கத்து வெள்ளாளன்விளைக்காரர், ஊழியர் அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் சேர்த்து, கடலுக்கு இந்தப் பக்கம் தொண்டியில் ஊழியம் நடத்திவந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்தவர்தான் 1903 பிப்ரவரி 12-ல் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் பிறக்கக் காரணமாக இருந்தார். அடுத்த வருஷமே நிஜாம் சமஸ்தானத்துத் தோர்ணக்கல்லுக்கு ஆள் போய்விட்டது. கவனியுங்கள், அந்த வருஷத்தில் பாளையங்கோட்டையிலேயே வெள்ளைக்கார மிஷனெரிகள் இருந்தார்கள், அவர்களுக்கான பணம் இங்கிலாந்திலிருந்து வந்துகொண்டிருந்தது. வாங்கிக்கொண்டிருந்தபோதே கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். 1905 கிறிஸ்துமஸ் அன்று செராம்பூரில் தொடங்கிய தேசிய மிஷனெரி சங்கமும் இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதையே கொள்கையாக வைத்தது. அசரியா 1912-ல் தோர்ணக்கல் பிஷப் ஆனார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப்.

கொரியா உதாரணத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தலைப்பில் யார் பேசினாலும் அங்கேதான் போய் நிற்பார்கள். சீனாவின் ஷாண்டோங்கில் ஊழியம் செய்த அமெரிக்கர் ஜான் நீவியஸ், மதம் மாறியவனை உடனே சம்பளத்துக்கு வைக்காதே, அவன் தொழிலிலேயே இருக்கட்டும், கோயிலை அந்த ஊர் மாதிரியில் அந்த ஊர்ப் பணத்தில் கட்டட்டும் என்று 1880களில் எழுதினார். 1890-ல் சியோலுக்கு அழைத்தார்கள். இரண்டு வாரம் பேசினார். அங்கே புதிதாய் வந்திருந்த இளம் மிஷனெரிகள் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். எனக்குப் பிடித்தது அவர்களுடைய 'நாள் காணிக்கை'. காசில்லாத குடியானவன், வருஷத்தில் இத்தனை நாள் என் செலவில் அடுத்த ஊருக்குப் போய்ச் சுவிசேஷம் சொல்வேன் என்று எழுதிக் கொடுப்பான். கூட்டத்தில் அந்த நாட்களைத்தான் கூட்டி வாசிப்பார்கள். ஆனால் இதை மந்திரம் மாதிரி ஓத வேண்டாம். நீவியஸின் சொந்த ஷாண்டோங்கில் அதே முறை அந்த அளவுக்குப் பலிக்கவில்லை. கொரியாவில் ஊருக்கு ஊர் வேத வகுப்பு நடந்தது, படிக்க எளிதான ஹங்குல் எழுத்து இருந்தது, ஜப்பான்காரன் நெருக்கிய காலத்தில் ஜனங்களுக்குச் சபை என்று ஒரு பிடிமானமும் தேவைப்பட்டது.

மிசோரம் நமக்கு இன்னும் கிட்டே. என் ஆச்சி செய்த அதே கைப்பிடி அரிசியை அங்குள்ள பெண்கள் 1910-ல் தொடங்கினார்கள். ஒவ்வொரு வேளைச் சமையலுக்கும் ஒரு கைப்பிடி. வாரத்துக்கு ஒருமுறை வீடுவீடாகச் சேர்த்து, விற்று, கணக்கில் ஏற்றுவார்கள். 1968-ல் அரசியல் கலவரத்தின்போது வெளிநாட்டு மிஷனெரிகள் வெளியேற வேண்டி வந்தது. சபை கலையவில்லை, அரிசி அளப்பதும் நிற்கவில்லை. இன்றைக்கு இந்தியாவின் மற்ற பகுதிகளுக்கு அவர்கள் ஊழியர்களை அனுப்புகிறார்கள்.

சரி, எங்கள் மலைக்கு வருகிறேன். 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். வெளிநாட்டுப் பணம் வாங்கும் அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது. டெல்லியில் ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்சில் கணக்கு வைத்துத்தான் பணத்தை வாங்க வேண்டும். நிர்வாகச் செலவு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. எங்களுக்குப் பணம் இன்னொரு அமைப்பு வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. ஒரே மாதத்தில் குழாய் மூடியது. ஐந்து உபதேசிமாரில் இருவர் வேறு வேலை தேடிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைகளுக்குப் பீஸ் கட்ட வேண்டும்.

அப்போது கமிட்டி எடுத்த முதல் முடிவு அசட்டு முடிவு, நானும் கை தூக்கினேன். சபைகளுக்கு வருமானம் வரட்டும் என்று எட்டுத் தையல் மெஷினும் இருபது ஆடும் வாங்கிக் கொடுத்தோம். ஆடு யாருடையது என்று ஆறு மாதத்தில் சண்டை. 'கோயில் ஆடு' என்றால் மேய்க்க யாரும் கிடையாது, குட்டி போட்டால் பங்குக்கு எல்லோரும் உண்டு. மெஷின்களில் இரண்டு எங்கே போயின என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சபையை முதலாளி ஆக்காதீர்கள். வீட்டுக்கு ஆடு கொடுக்க விரும்பினால் வீட்டுக்குக் கொடுங்கள். அது தர்மம், அதில் தப்பில்லை. அந்த வீட்டார் மனமிருந்தால் குட்டியைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவார்கள்.

பிறகு நடந்தது எங்கள் யோசனை இல்லை. ஐந்து ஊர்க்காரர்களையும் கூட்டி, இருந்த கணக்கை முதல் தடவையாகத் தமிழில் வாசித்தேன். உபதேசியார் சம்பளம் எவ்வளவு, ஜீப் டீசல் எவ்வளவு, கன்வென்ஷன் பந்தலும் மைக்செட்டும் எவ்வளவு, எல்லாம். கூட்டத்தில் முதலில் பேசியவர் ஓர் அம்மா. "ஜீப்பு எதுக்குங்க? நாங்க நடந்துதானே வர்றோம், அய்யாவும் நடக்கட்டும்" என்றார். ஜீப்பை விற்றோம். மொத்தச் செலவில் ஏறக்குறைய பாதி, அவர்கள் ஒருபோதும் கேட்டிராத செலவு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தக் கணக்குகளில் ஒன்பது வருஷமும் கையெழுத்துப் போட்டவன் நான்.

மீதிச் செலவுக்கு அவர்களே வழி சொன்னார்கள். அறுப்பில் வீட்டுக்கு இரண்டு படி சாமை. புளி உலுக்கும்போது ஒரு கூடை. திருப்பூருக்கும் கேரளாவுக்கும் வேலைக்குப் போகிற பையன்கள் திரும்பி வந்ததும் மூன்று நாள் கூலி. எதுவும் இல்லாதவர் கோயிலுக்கு ஒரு நாள் உடம்பு வேலை. பெட்டிக்கு இரண்டு பூட்டு, சாவி இரண்டு வீட்டில், அதில் ஒன்று அந்த அம்மாவிடம். மாதா மாதம் கணக்கை ஆராதனை முடிந்ததும் சத்தமாக வாசிப்பது. ஐந்து சபைக்கு ஐந்து உபதேசியார் என்பதை விட்டு, இருவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்கள். மற்ற மூன்று ஊரிலும் ஊர்ப் பெரியவர்களே சம்பளமில்லாமல் ஆராதனை நடத்துகிறார்கள். பிரசங்கம் சுமார்தான், ஒருவர் ஒரே பிரசங்கத்தைத் திரும்பத் திரும்பச் செய்கிறார். ஆனால் ஞாயிறு விடுபடுவதில்லை.

உபதேசிமார் சம்பளத்தை ஒரேயடியாக நிறுத்தவும் இல்லை. எங்கள் சேகரம் முதல் வருஷம் முக்கால் பங்கு, அப்புறம் பாதி, அப்புறம் கால் என்று இறங்குவதாகத் தேதி போட்டு எழுதிக் கொடுத்தோம். தேதி போடாத உதவி வருஷா வருஷம் பழக்கமாகிவிடும், எங்களுக்கே அது நடந்தது. மூன்றாவது வருஷம் மழை பொய்த்தது. அப்போது அட்டவணையை மீறி மூன்று மாதம் கூடுதலாகக் கொடுத்தோம். கொள்கைக்காக ஒருவரைப் பட்டினி போடுவது எனக்கு உடன்பாடில்லை.

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஹாஸ்டல் இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. இரண்டு படி சாமையில் எக்ஸ்ரே மெஷின் ஓடாது. அவற்றைச் சபைக் கணக்கோடு சேர்க்காமல் தனியாகப் பாருங்கள். பிரித்து எழுதினாலே சபையின் சொந்தச் செலவு எவ்வளவு சின்னது என்று தெரிந்துவிடும்.

அவர்களிடம் எப்படிக் கேட்பது என்றீர்கள். கேட்கும் முன் உங்கள் ஏழு சபைகளின் கடைசி மூன்று வருஷச் செலவை ஒரே தாளில் எழுதுங்கள். அதில் அவர்கள் கேட்டு வந்த செலவு எது, நாம் கொண்டுபோய் வைத்த செலவு எது என்று பக்கத்தில் குறியுங்கள். அந்தத் தாளோடு மலையேறுங்கள், தலைவரோ செயலாளரோ இல்லாமல் போனால் இன்னும் நல்லது. வாசித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். எங்கள் கூட்டத்தில் முதல் கால் மணி நேரம் யாருமே பேசவில்லை. நான் பயந்துபோய் இடையில் பேச எழுந்தேன், எங்கள் ஐயர் (சேகரப் போதகர்) சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்.

கூரை இன்னும் கொஞ்சம் ஒழுகத்தான் செய்கிறது. அவர்களே தார் வாங்கிப் பூசினார்கள், ஒரு மூலையில் சரியாக ஒட்டவில்லை. போன மாதம் அந்த அம்மா போன் செய்து, தார் வாங்கிய பில் தொலைந்துவிட்டது, கணக்கில் எப்படி எழுதுவது என்று கேட்டார். இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து வாங்கி ஒட்டிவைக்கச் சொன்னேன். அவர்கள் வைத்திருக்கும் நோட்டில் கோடு போட்டுப் பிரித்த ஐந்தே பத்திகள்தான். மாதிரிப் பக்கம் வேண்டுமானால் கேளுங்கள், படம் எடுத்துப் போடுகிறேன்.