எமோஜிகளை உலகப் பொதுமொழி என்று அழைக்க முடியுமா?

முழுமையான மொழி என்று அழைக்க முடியாது என்பதே என் கருத்து. அவற்றுக்கென்று இலக்கணம் இல்லாததால், 'நேற்று அவர் வராததால் கூட்டம் நடக்கவில்லை' என்பது போன்ற எளிய செய்தியைக்கூட எமோஜிகளால் மட்டும் ஐயமின்றிச் சொல்லிவிட இயலாது. எழுத்தில் விடுபட்டுப்போகும் குரலின் ஏற்ற இறக்கத்தையும் முகக்குறிப்பையும் ஈடுசெய்வதே அவற்றின் பணி; அது சிறிய பணியன்று. கணினிகளில் ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஒரு பொது எண்ணை வரையறுக்கும் தரநிலை யூனிகோட்; 2010-இல் வெளியான அதன் 6.0 பதிப்பு நூற்றுக்கணக்கான எமோஜிகளுக்குப் பொதுக் குறியெண்களை வழங்கியதால்தான், ஒரு நிறுவனத்தின் கைபேசியிலிருந்து அனுப்பிய குறி மற்றொன்றிலும் தெரிகிறது. ஆனால் பொதுவானது குறியெண் மட்டுமே. ஓவியத்தை ஒவ்வொரு நிறுவனமும் தானே வரைகிறது. 2016-இல் ஆப்பிள் நிறுவனம் தன் கைத்துப்பாக்கி எமோஜியைத் தண்ணீர்த் துப்பாக்கியாக மாற்றியபோது, விளையாட்டாக அனுப்பிய அதே குறி வேறு பல கருவிகளில் உண்மையான துப்பாக்கியாகவே தோன்றியது. பொருளும் அவ்வாறே மாறுபடுகிறது: கூப்பிய கைகளை ஜப்பானியர் பெரும்பாலும் நன்றிக்கும் வேண்டுகோளுக்கும் பயன்படுத்த, வேறு பலர் அதைப் பிரார்த்தனையாகவே வாசிக்கின்றனர்.